மோந்து பார்க்கிற டாக்டரம்மா

நாய்த்தீவனப் பையின் வாய்க்குள் டாக்டரம்மா மூக்கை முழுசாக நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுக்கிறார். பையைக் கொண்டுவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நிற்கிறார். டாக்டரம்மா முகத்தை வெளியே எடுக்கிறார். மூக்கு நுனியில் தூள் ஒட்டியிருக்கிறது. அதைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

"எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது. எங்க வெச்சிருந்தீங்க?"

அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக என்கிறார் ஆசிரியை.

"வெயில் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம், வாய வேற தொறந்து வெச்சிருக்கீங்க. உங்களை அப்படி உக்கார வெச்சா நீங்களும் கெட்டுத்தான் போவீங்க டீச்சர்."

எங்கள் தெருவில் அவரை யாரும் படிப்பை வைத்தோ ஊரை வைத்தோ அடையாளம் சொல்வதில்லை. மோந்து பார்க்கிற டாக்டரம்மா என்றால் போதும், ஆட்டோ நேராக அந்தப் பச்சைக் கதவின் முன் வந்து நிற்கும். என் முயலுக்கு நகம் வெட்ட ஒரு தடவை உள்ளே போனேன். இப்போது முயலுக்கு நகம் வளராத நாளிலும் போய் அந்த நடைவழி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன். அப்படி ஒரு ஆள் அவர்.

ஐம்பதைத் தாண்டிய வயது. கிராப்பு வெட்டிய நரைமுடி. கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான். கண்ணுக்கு இறங்கிவந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். வெள்ளைக் கோட்டின் வலது பையில் தான் கொறிக்கச் சூரியகாந்தி விதை, இடது பையில் நாய்களுக்கு பிஸ்கட். ஒரு நாள் பேச்சு சுவாரஸ்யத்தில் கை மாறி, நாய் பிஸ்கட் ஒன்றைக் கடைசிவரை மென்று முடித்துவிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தோம். "தெரியும். உப்பு கம்மி" என்றார்.

மரியாதை விஷயத்தில் அவருக்குத் தனிச் சட்டம். மிருகங்களுக்கு "வாங்க, போங்க." அழைத்து வருகிறவர்கள் அவர் கணக்கில் வெறும் துணை. கதவைத் திறந்து, "அடுத்து யாரு? ஆமையா? வாங்கய்யா, மெதுவா வாங்க. கூட வந்தவர் அப்படி ஓரமா நிக்கலாம்" என்பார். போன மாதம் ஒரு போலீஸ் அதிகாரி தன் கிளியின் கூண்டோடு ஓரமாகத்தான் நின்றார்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வைட்டமின் ஈ. மற்ற டாக்டர்கள் வைட்டமின் என்றால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் அதைப் பற்றிச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார், சற்றே பெருமையாக, சற்றே அங்கலாய்ப்பாக. "பாவம், அதுக்குன்னு ஒரு பேரு புகழ் இல்ல. ஏ-ன்னா கண்ணும்பாங்க, சி-ன்னா சளியும்பாங்க, டி-ன்னா எலும்பும்பாங்க. ஈ-ன்னா மூஞ்சில தேய்ச்சுக்கிறதும்பாங்க."

மூஞ்சியில் தேய்ப்பவர்களுக்கு அந்த எண்ணெய்க் கேப்சூலை விற்பது வேறு யாருமல்ல, அவருடைய அண்ணன். பச்சைக் கதவை ஒட்டிய மருந்துக்கடை அவருடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர், சுவரில் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னல் வழியாக நாள் முழுக்கச் சண்டை. மிட்டாய் மாதிரி அள்ளிக் கொடுக்காதே என்று தங்கை கத்துவார். மனுஷங்க என் பக்கம், மிருகங்க உன் பக்கம், எல்லையைத் தாண்டாதே என்று அண்ணன் பதில் கொடுப்பார். சாயங்காலம் அதே ஜன்னல் வழியாக டீ டம்ளர் கைமாறும்.

ஆசிரியை வந்த அன்று அந்த எல்லையை டாக்டரம்மா தாண்டத்தான் செய்தார். தீவனப் பையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆசிரியையின் முழங்கைக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டுகள் இருப்பதைப் பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது. எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லையாம், தானாக வருகிறதாம். பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்தது. ஆசிரியை இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று தோல் பளபளப்புக்கு வைட்டமின் ஈ கேப்சூலையும் காலை மாலை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

"டீச்சர், நான் நாய் டாக்டர். உங்களுக்கு இதைச் சாப்பிடுங்க, அதை நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனா இன்னைக்கே உங்க டாக்டர்கிட்ட போயி, இந்த ரெண்டையும் சேத்துச் சாப்பிடுறேன்னு கையக் காட்டிச் சொல்லுங்க. அளவா இருந்தாத்தான் அது நல்லது. அள்ளிப் போட்டா ரத்தத்தை உறைய விடாது. ஏற்கெனவே அதே வேலைய ஒரு மாத்திரை பாத்துக்கிட்டிருக்குல்ல?"

இதெல்லாம் ஜன்னல் வழியாக அண்ணன் காதிலும் விழுந்தது. மறுநாளிலிருந்து அவர் கடையில் அந்தக் கேப்சூலைக் கேட்பவர்களிடம், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி முதலில் வந்தது.

மூக்கு எப்படி இவ்வளவு கூர்மையானது என்று ஒரு நாள் கேட்டுவைத்தேன். கேட்டது நல்லதாகப் போயிற்று. படித்து முடித்த புதிதில் ஒரு பெரிய கோழிப் பண்ணையில் வேலை பார்த்திருக்கிறார். குஞ்சுகள் நடக்க நடக்கத் தடுமாறி, மல்லாக்க விழுந்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தன. தொற்றுநோய்தான் என்று எல்லோரும் மருந்தடித்துக்கொண்டிருக்க, இவர் தீவனக் கிடங்குக்குள் நுழைந்ததும் மூக்கு சுருங்கியிருக்கிறது. தீவனத்தில் கலந்த எண்ணெய் கெட்டுப்போயிருந்தது. எண்ணெய் கெடும்போது அதிலிருக்கும் வைட்டமின் ஈயும் தீர்ந்துபோய்விடும். அது இல்லாவிட்டால் குஞ்சுக்கு மூளை பாதிக்கும். தீவனத்தை மாற்றினார்கள். புதிதாக விழுவது நின்றது. விழுந்தவற்றில் பாதி எழவேயில்லை. "புஸ்தகத்துல அந்தப் பக்கத்தைப் படிச்சிருந்தேன். மூக்கு சொன்னப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னையிலேருந்து மூக்கைத்தான் முதல்ல அனுப்புறது" என்றார்.

அந்த வைட்டமின் உடம்புக்குள் அப்படி என்னதான் செய்கிறது? அவர் சொன்ன விளக்கத்தை நான் எந்தப் பாடத்திலும் கேட்டதில்லை. "தெருவுல ரெண்டு பேர் கைகலக்குறாங்க. நடுவுல ஒருத்தன் பாஞ்சு, விழுற அடியெல்லாம் தான் வாங்கிப்பான்ல? அவன்தான் இது. உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்புல ஒரு சுவர் இருக்கு. அந்தக் கொழுப்பை மூச்சுக் காத்தே கெடுத்துரும், எண்ணெய் சிக்கு அடிக்கிற மாதிரி. கெட விடாம இவன் குறுக்க விழுவான். ஆள் கம்மியானா, ஆட்டுக்குட்டிக்குச் சதை வெளுத்துப்போயி எந்திரிச்சு நிக்க முடியாது. குறைமாசக் குழந்தைக்கு ரத்த அணு உடையும். சாப்பிட்ட கொழுப்பு உடம்புல சேராத வியாதி உள்ளவங்களுக்கு நரம்பு போகும். மத்தவங்க விதை, பருப்பு, கீரை, நல்ல எண்ணெய்னு ஒழுங்கா சாப்பிட்டாலே போதும், கடைக்குப் போக வேண்டாம்." கடைசி வாக்கியத்தை ஜன்னல் பக்கமாகத் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

இவ்வளவு தன்னம்பிக்கையான மனுஷி ஒரே ஒரு பூனையிடம் திண்டாடியதை நான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இதை இவ்வளவு வேகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மீன் சந்தையில் மீன் வெட்டுகிறவர் ஒருவர். கதவை அடைக்கும் உருவம், ரப்பர் பூட்ஸ். அதே கடையில் செதில் உரசுகிற மனைவி முன்னால் வர, இவர் மீன் கூடைக்குள் துண்டு விரித்து, அதற்குள் ஒரு சாம்பல் பூனையை வைத்துத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பூனைக்கு வீட்டில் துரை என்று பேர்.

பேசியது மனைவிதான். துரை முன்பெல்லாம் சந்தை முடிந்து இவர் வந்ததும் மடியில் ஏறிப் படுத்தால் சாப்பாட்டுக்குக்கூட இவரை எழ விடாதாம். இப்போது இவர் கை பட்டதும் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடுகிறதாம். "நான் அதைத் தொடுறதே கிடையாது, எனக்கும் அதுக்கும் ஆகாது. இவர் தொட்டாத்தான் கத்துது, அதனால இவரைத்தான் பிடிக்கலன்னு ஆயிருச்சு. அக்கா வீட்ல கொண்டு விட்டுடலாம்னு கிளம்பினார். கூடையத் தூக்கும்போதே மூஞ்சியப் பாக்க முடியல. அதான் ஒரு தடவை உங்ககிட்ட காட்டிட்டுப் போகலாம்னு இழுத்துட்டு வந்தேன்."

"வாங்க துரை" என்று டாக்டரம்மா பூனையை மேசையில் இறக்கினார். வயிற்றுக்குக் கீழே விரல் வைத்ததுதான் தாமதம், நடைவழியில் இருந்த நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டும்படி ஒரு அலறல். "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று பூனையிடம் சொன்னார். காய்ச்சல் பார்த்தார். பிறகு பூனையை விட்டுவிட்டு, மீன் வெட்டுகிறவரின் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தார்.

மீன் வாடை அடியில்தான் இருந்தது. மேலே முழுக்க சோப்பு. விரல் இடுக்குகள் எல்லாம் தேய்த்துத் தேய்த்து வெடித்திருந்தன.

"என் வாடை அதுக்கு ஒத்துக்கல போல" என்றார் அவர். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. "அதான் நல்லா கழுவிட்டுத் தொடலாம்னு."

துரை என்ன சாப்பிடுவார் என்று டாக்டரம்மா கேட்டார். அந்தப் பெரிய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மத்தி மீனில் வயிற்றுப் பக்கம், சூரை மீனில் அந்தக் கறுத்த சதை, எது கொழுப்பாக வழுவழுவென்று இருக்கிறதோ அது. எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டாலும் தருவதில்லை. காலையிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

"எனக்கு வால்தான்" என்றார் மனைவி.

"மீனைத் தவிர வேற?"

"வேற எதுக்கு டாக்டரம்மா? ராஜா மாதிரி சாப்பிடுது."

கண்ணாடி கண்ணுக்கு இறங்கியது. அவர் மெதுவாகச் சொன்னார். இவ்வளவு மீன் கொழுப்பு தினம் உள்ளே போனால், அதைக் கெடாமல் காக்க அவ்வளவு வைட்டமின் ஈ வேண்டும். அது அந்தச் சாப்பாட்டில் போதவில்லை. பூனையின் தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பே கெட்டு, வீங்கி, கட்டி கட்டியாகப் புண்ணாகியிருக்கும் என்பது அவர் சந்தேகம். ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

"அவருக்கு உங்க மேல கோவம் இல்லைங்க. உடம்பெல்லாம் வலி. கன்னிப்போன இடத்துல யாராவது ஆசையா கை வெச்சா நீங்களும்தான் கத்துவீங்க."

மீன் வெட்டுகிறவர் மூச்சை விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் இன்னொன்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப இதை நான்தான் பண்ணேனா?"

நானாக இருந்தால் இல்லை இல்லை என்று ஏதாவது மழுப்பியிருப்பேன். டாக்டரம்மா மழுப்பவில்லை. "ஆமா. நீங்கதான். இனிமே சரி பண்ணப் போறதும் நீங்கதான். உக்காருங்க."

துணுக்கு எடுத்தார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய கொழுப்பு, பழைய மஞ்சள் துணியின் நிறத்தில் இருந்தது. வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து, தினம் அளவாக வைட்டமின் ஈ, மீன் துளிகூடக் கிடையாது. உள் அறைக் கூண்டில் துரைக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

துரை சாப்பிடவில்லை. வேகவைத்த கோழியை வைத்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூனைக்கென்றே செய்த டப்பா உணவை வைத்தார்கள், மண் தள்ளி மூடுவதுபோல் காலால் தட்டைச் சுற்றிப் பிறாண்டிக் காட்டியது. பிறந்ததிலிருந்து மீனைத் தவிர எதையும் சாப்பாடு என்று அது ஒப்புக்கொண்டதில்லை. பூனை பட்டினி கிடந்தால் சில நாளிலேயே கல்லீரல் கெட்டுவிடும். அப்புறம் வைட்டமின் கொடுத்தும் பயனில்லை. மீன் வெட்டுகிறவர் வேலைக்கு நடுவில் ஓடி ஓடி வந்தார். ஒவ்வொரு தடவையும் குளித்து, சட்டை மாற்றி, கை தேய்த்துக் கழுவி. வந்து, கூண்டுக்கு எட்டத்தில் நின்று, ஒரே ஒரு துண்டு மத்தி கொடுத்தால் என்ன என்று கெஞ்சினார். ஜன்னல் வழியாக அண்ணனும், பாவம் கொஞ்சூண்டு கொடுத்துப் பாரேன் என்றார்.

"கொஞ்சூண்டு குடுத்தா அதைத்தான் நாளைக்கும் கேப்பார். முடியாது." அன்று சாயங்காலம்வரை பார்ப்பது, இல்லையென்றால் கழுத்து வழியாகக் குழாய் போட்டு ஊட்டுவது என்று முடிவு செய்து, குழாயை எடுத்துத் தட்டில் வைத்தும்விட்டார். பூனை இருக்கும் நிலையில், குழாய் போடக் கொடுக்கும் மயக்கமருந்தைத் தாங்குமா என்பது அவருக்கே நிச்சயமில்லை. சூரியகாந்தி விதையை வாயில் போட்டவர் மெல்லாமலேயே நின்றதைப் பார்த்தேன்.

பிறகு திடீரென்று, எட்டத்தில் நின்றவரின் கையை மறுபடியும் பிடித்து மோந்து பார்த்தார். சோப்பு. புருவம் நெரிந்தது.

"கடைக்குப் போங்க. ஒரு கூடை மீன் வெட்டுங்க. கை கழுவாம நேரா இங்க வாங்க."

"கழுவாமலா?"

"கழுவினீங்கன்னா உள்ள விட மாட்டேன்."

மத்தியானம் அவர் வந்தபோது நடைவழி பெஞ்சு தானாகக் காலியானது. ஆசிரியை கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். அவருடைய நாயோ தெய்வத்தையே கண்டதுபோல் எழுந்து பின்னாலேயே நடந்தது. முழங்கைவரை செதில் மினுங்க, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூண்டு முன்னால் அந்த மனிதர் குந்தினார். டாக்டரம்மா மசித்த கோழியில் மருந்தைக் கலந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்போதைக்கு நீங்க தட்டு. கை இல்ல. தடவக் கூடாது, பேசக் கூடாது, அவரா வர்றவரைக்கும் அசையக் கூடாது."

துரை தலையைத் தூக்கியது. மூக்கு துடித்தது. வலியோடு ஊர்ந்து, கம்பிவரை வந்து, முதலில் கட்டைவிரலை நக்கியது. பிறகு மணிக்கட்டை. மீனைத் தேடித் தேடி உள்ளங்கைக்கு வந்து, அங்கே இருந்ததை ஒரு வாய் எடுத்தது. நின்றது. ஏமாற்றுகிறார்களோ என்று அந்தக் கையையே பார்த்தது. இன்னொரு வாய் எடுத்தது. மீன் வெட்டுகிறவர் மூச்சே விடவில்லை. பூனைக்கும் தனக்கும் ஆகாது என்று சொன்ன மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

டாக்டரம்மா குழாயை எடுத்து அலமாரிக்குள் போட்டார். அப்புறம்தான் வாயில் இருந்த விதையை மென்றார்.

அதற்குப் பின்னும் அவர் தினம் தட்டாகவே வந்தார். கையில் மீன் வாடை நாளுக்கு நாள் குறைந்தது; டாக்டரம்மாதான் இன்றைக்கு இவ்வளவு கழுவலாம், இன்றைக்கு இன்னும் கொஞ்சம் என்று மோந்து பார்த்து உத்தரவு கொடுத்தார். கடைசியில் கை சுத்தமாகவும், சாப்பாடு வெறும் கோழியும் டப்பாவுமாகவும் ஆனது. துரை வீட்டுக்குப் போனது. தொடக் கூடாது என்ற சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. வீட்டில் அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்று மனைவி சொன்னார். "என்கிட்டகூட இவ்வளவு கட்டுப்பாடா இருந்ததில்ல" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் துரையைச் சோதனைக்குக் கூட்டிவந்தார்கள். மனைவி கடையைப் பார்த்துக்கொள்ள, அவர் மட்டும்தான் வந்தார். டாக்டரம்மா வயிற்றுக்குக் கீழே அழுத்தினார். துரை வாலை ஆட்டி எரிச்சலைக் காட்டியதோடு சரி. இன்னும் அழுத்தினார். அலறல் இல்லை.

"தொடலாம்" என்றார்.

அவர் தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மறுபடியும் அது அலறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம், அந்தப் பெரிய உடம்பு முழுக்கத் தெரிந்தது. டாக்டரம்மா அவரை அவசரப்படுத்தவில்லை. மேசையிலிருந்து ஓர் அடி விலகி நின்றார். கதவு திறந்தே இருந்ததால் பெஞ்சிலிருந்து எனக்கு எல்லாமே தெரிந்தது.

ஒரு விரல் வந்தது, காதுகளுக்கு நடுவில். வந்து அங்கேயே காத்திருந்தது. பிறகு இரண்டு விரல். பிறகு முழு உள்ளங்கையும் முதுகில் இறங்கியது. துரை அந்தக் கைக்குள் அப்படியே சரிந்து படுத்துக்கொண்டு, மோட்டார் ஓடுவதுபோல் சத்தம் போட ஆரம்பித்தது. அவர் மேசைமேல் கவிழ்ந்து, முகத்தைப் பூனையின் விலாவில் வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

டாக்டரம்மா பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நடைவழியில் ஆசிரியையின் நாய் அடுத்து இருந்தது. அதன் முன்னால் ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்டெதஸ்கோப்புக்காகத் தன் கழுத்தைத் தடவினார். அது உள்ளே மேசைமேல் கிடந்தது. மூடிய கதவை ஒரு முறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு, குனிந்து, நாயின் நெஞ்சில் தன் காதை வைத்தார்.